ஒன்பது மணிப் பால்

குழந்தை இறந்து சரியாக இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தாய்க்குச் சொல்ல வேண்டிய பெரிய டாக்டர் இன்னும் ஆபரேஷன் அறையில் இருந்தார்.

"அவரு வந்துதான் சொல்லணும். அதுக்குள்ள நீ வாயத் தொறந்த, வேல நிரந்தரமாவும்னு கனவு காணாத," என்று ரெஜினா சிஸ்டர் புது நர்ஸ் கார்குழலியை எச்சரித்திருந்தாள். கார்குழலியின் தகுதிகாண் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது.

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் கதவுக்கு வெளியே தாய் கொளஞ்சி ஒன்பது மணிப் பால் கிண்ணத்தோடு நின்றாள். அவள் பீய்ச்சித் தரும் பாலைக் கார்குழலிதான் குழாய் வழியே குழந்தைக்கு ஊட்டி வந்தாள்.

"ஆறு மணிக்குக் குடுத்தத குடிச்சானா சிஸ்டர்?"

"குடிச்சான்."

கொளஞ்சி உடனே கணவனுக்குப் போன் போட்டாள். "யோவ், ஒன் புள்ள குடிச்சிட்டானாம்யா! ஒன்ன மாரியே சோத்துமூட்ட!"

கார்குழலி கிண்ணத்தை வாங்கி உள்ளே வந்து, பாலைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினாள். ரெஜினா சிஸ்டர் அவள் தோளைத் தட்டினாள்.

"பயந்தாங்கொள்ளின்னு நெனச்சேன். நீ பொழச்சிக்குவடி."

சற்று நேரத்தில் மறுபடியும் கதவு தட்டப்பட்டது. கொளஞ்சியின் கண்கள் வலியில் கலங்கியிருந்தன. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பால் இருந்தது.

"நல்லா குடிக்கிறான்ல, பத்தாதுன்னு இன்னும் பீச்சினேன். இதயும் குடுத்துடு சிஸ்டர்."

கார்குழலி கையை நீட்டவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ரெஜினா சிஸ்டர் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அவன் ஆறு மணிப் பால குடிக்கவேயில்ல. ஏழு மணிக்கே எறந்துட்டான்."