இடதுகைக்காரிக்கு ஒரு பேஸ்மேக்கர்

1.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் வீட்டு சீலிங்கில் பிறந்தது. பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் ரோலரை நழுவவிட்டு ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஊரெல்லாம் அவரை ஏணியக்கா என்றுதான் கூப்பிடும். “ஒண்ணுமில்ல சார், கண்ணு இருட்டிச்சு,” என்றார். அப்படி முன்பும் இருட்டியிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இதயத்தின் மேலறை அனுப்பும் சேதி கீழறைக்குப் போய்ச் சேரவில்லை. பேஸ்மேக்கர் வைத்தே ஆக வேண்டும்.

2.
முதல் தொடக்கம்: ‘இதயம் என்பது ஒரு கடிகா—’ அடித்துவிட்டேன். அக்கா கேட்டால் சிரிப்பார்.
இரண்டாவது: ‘அவள் இதயம் யாருக்காகவோ—’ யாருக்காகவும் இல்லை. அது நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

3.
டாக்டர் மாதிரிகளை மேசையில் பரப்பினார். ஒற்றை வயர் வைத்தது ஓர் அறைக்கு மட்டும். இரட்டை வயர், மேலறை துடிப்பதைக் கவனித்துக் கீழறையையும் கூடவே துடிக்க வைக்கும். மூன்று வயர், பலவீனமான இதயத்தின் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இயங்கச் செய்ய. வயரே இல்லாத கேப்சூல் ஒன்றும் இருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் இதயத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும்.

(கதையில் பாடம் நடத்துகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். அக்கா ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.)

“இந்த கேப்சூலே போதுமே டாக்டர்?”

“எங்ககிட்ட இருக்கறது கீழறைக்கு மட்டும்தாம்மா. உங்க மேலறை நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேர்ந்து போகணும்னா இரட்டை வயர்தான். ஏணி ஏறினா மூச்சு வாங்காது.”

“எங்க வைப்பீங்க?”

“வழக்கமா இடது தோளுக்குக் கீழ. கொஞ்ச வாரம் அந்தக் கையை மேல தூக்கக் கூடாது. அப்புறமும் அந்தக் கையாலயே சீலிங் அடிச்சிட்டிருந்தா வயர் தேஞ்சு போகலாம்.”

“அப்ப வலது பக்கம் வைங்க. நான் இடதுகைக்காரி. இந்தக் கை சும்மா கிடந்தா எனக்கு நெஞ்சு துடிச்சு என்ன புண்ணியம்?”

டாக்டர் யோசித்தார். “சரி, வலது.”

4.
இந்த இடத்தில் அக்காவின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. கொஞ்சமாவது அழ வேண்டாமா? ஒரு பத்தி அழவைத்தும் பார்த்தேன், ஒட்டவில்லை. பயந்தார், அது நிஜம். ஆனாலும் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றார்.

5.
ஆபரேஷன் அறை. நர்ஸுக்கு இது தினப்படி வேலை. கைப்பழக்கத்தில் இடது மார்பில் பழுப்பு மருந்தைத் தடவ ஆரம்பித்துவிட்டார். மேலிருந்து கீழாக, ஓரம் விடாமல். டாக்டர் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறார். தூக்கத்துக்கான ஊசி அக்காவுக்குப் பாதி ஏறிவிட்டது; நாக்கு தடித்துக் கிடக்கிறது.

இங்கே பல முடிவுகள் கைவசம் வைத்திருந்தேன். ஒன்றில் டாக்டரே பார்த்துவிடுகிறார். ஒன்றில் கடைசிவரை யாருமே பார்ப்பதில்லை. இன்னொன்றில் நானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓ— சீ, எனக்கு அங்கே என்ன வேலை?

அக்கா இடது கையைத் தூக்கி நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சிஸ்டர்... அடி நல்லா இருக்கு. சுவருதான் தப்பு.”

6.
இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. மறுபடி ஏறினாரா, எவ்வளவு உயரம், எந்த வீட்டில், எல்லாம் உங்கள் பாடு. ஒரே நிபந்தனை: அவரைக் கேட்காமல் ஏணியிலிருந்து இறக்கிவிடாதீர்கள்.