பாஸில் இருக்கும் பெயர்

சென்னை போகும் காலை வண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றோமா கிளம்பினோமா என்றுதான் இருக்கும். அதற்குள் இரண்டு பெட்டி, படுக்கைச் சுருட்டு, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் நவநீதன் ஒற்றை ஆளாக ஏற்றிவிட்டார். வாளியை மட்டும் மட்டுவார்குழலி கையை விட்டு இறக்கவில்லை. ஹாஸ்டலுக்கு என்று மகள் ஆசையாக வாங்கிய நீல வாளி. அதையும் ஏற்றிவிட்டால் அவள் போவது உறுதியாகிவிடும் போல இருந்தது.

"கொடும்மா, வாளிக்குத் தனி சீட்டா போட்டிருக்கு?" என்று அறிவுமதி பிடுங்கி மேலே வைத்தாள்.

பிளஸ் டூ முடித்த மதிக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று திருச்சியிலேயே, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் மாறினால் போதும். இன்னொன்று சென்னையில். சென்னையை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம், பிடித்துப் போனால் அப்படியே ஹாஸ்டலில் சேர்ந்துவிடலாம் என்று பேச்சு. பிடிக்கக்கூடாதே என்று குழலி ரெங்கநாதரிடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள்.

காரணம் கேட்டவர்களிடமெல்லாம் மகளின் வீசிங்கைச் சொன்னாள். உண்மைக் காரணம் வேறு.

நவநீதன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டெக்னீஷியன். மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பக்கத்தில் அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது என்பது மதி பத்தாவது படிக்கும்போது குழலிக்குத் தெரிந்தது. அழுகை, சண்டை, தாம்பரத்திலிருந்து நாத்தனார் வந்து பஞ்சாயத்து. கடைசியில் அவர் சொன்னார்: "பொண்ணு படிப்பு கெடக்கூடாது. அது வரைக்கும் இருக்கேன். அவ வீட்டை விட்டு ஹாஸ்டலுக்கோ வேற எங்கயோ கிளம்பற அன்னிக்கு நானும் கிளம்பிக்கறேன்." அன்றிலிருந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். முதுகுவலி என்று மகளிடம் சொல்லிக்கொண்டார்கள். குழலி மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி வாங்குவதை நிறுத்தினாள். அவளால் செய்ய முடிந்த போராட்டம் அவ்வளவுதான்.

வருஷா வருஷம் ரயில்வே ஊழியர் குடும்பத்துக்குக் கிடைக்கும் இலவச பாஸில் போகும் கோடைப் பயணத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஊட்டி, கன்னியாகுமரி, மைசூர். மூவரும் சிரித்தபடி போட்டோ. சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் இதயம் போட்டார்கள். பாஸில் மனைவி என்ற இடத்தில் தன் பெயர் இருக்கும்வரை எதுவும் முழுசாகப் போய்விடவில்லை என்று குழலி நினைத்துக்கொள்வாள். மதி திருச்சியில் படித்தால் இன்னும் மூன்று வருஷம் அப்படியே ஓடும். மூன்று வருஷத்தில் மனுஷன் மனசு மாறாதா?

லால்குடி தாண்டியது. அப்பாவும் மகளும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொட்டமடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க காத்தே சரியில்லையாம்டி. உனக்கு இழுப்பு வந்தா யாரு பார்ப்பா?" என்றாள் குழலி.

"சென்னைல யாருமே மூச்சு விடறதில்லையாம்மா?"

நவநீதன் சிரித்தார். "விடு குழலி. புள்ள ஆசைப்படுது, போகட்டும். வீட்டுக்குள்ள பூட்டி வைக்கவா பெத்தோம்?"

"அப்பான்னா அப்பாதான்" என்று மதி அவர் தோளில் சாய்ந்தாள்.

குழலி சாப்பாட்டுப் பையைக் காலுக்கு அடியில் தள்ளினாள். தாராள மனசுக்காரர் அவர், பிடித்து வைக்கும் ராட்சசி இவள். கிளம்புவதற்கு முதல் நாள் பீரோவைத் திறந்தபோது அவருடைய சட்டைத் தட்டு பாதி காலியாக இருந்ததை இந்தப் பெண்ணிடம் யார் சொல்வது? ஏன் சொல்லக்கூடாது? விருத்தாசலத்தில் அவர் காபி வாங்க இறங்குவார். அப்போது சொல்லிவிடலாம். சொன்னால் மதி திருச்சியை விட்டு நகரமாட்டாள். ஒரே வார்த்தைதான்.

அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். சட்டையில் தைரியராஜ் என்று பெயர். கையிலிருந்த கருவியைப் பார்த்தபடி, "பாஸா சார்? நவநீதன்... அறிவுமதி... மட்டுவார்குழலி" என்று படித்தவர், சட்டென்று நிமிர்ந்தார்.

"அட, நீங்களா சார்! ஞாபகம் இருக்கா? போன மாசம் ராமேஸ்வரம் வண்டில பார்த்தோமே. நான் மலைக்கோட்டை வாசல்ல பொறந்து வளர்ந்தவன் சார். மூணாங்கிளாஸ்ல எனக்கு ஏபிசிடி சொல்லிக் கொடுத்த டீச்சர் பேரும் எங்க மலைக்கோட்டை அம்மன் பேருதான், மட்டுவார்குழலி. இந்தப் பேரு லேசுல மறக்குமா? மேடம்கிட்டகூடச் சொன்னேன், அவங்க சிரிச்சாங்க. மேடம் எங்க, கை கழுவப் போயிருக்காங்களா?" குழலியைப் பார்த்துக் கும்பிட்டார். "இவங்க சாருக்கு அக்காங்களா?"

நவநீதன் சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்தார். எதிர் சீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்கினார்.

குழலிக்கு முதலில் புரியவில்லை. போன மாதம் அவள் எங்கும் போகவில்லை. ராமேஸ்வரம் பார்த்ததே இல்லை. அவர்தான் யூனியன் மீட்டிங் என்று மதுரைக்குப் போயிருந்தார். பிறகு புரிந்தது. பாஸில் மனைவிதான் போக முடியும். அதனால் யாரோ ஒருத்தி மட்டுவார்குழலியாகப் போயிருக்கிறாள். அந்தப் பெயருக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

"போங்க அங்கிள்!" மதிதான். கணீரென்ற குரல். "இதான் எங்கம்மா. அப்ப கண்ணாடி போடலை, இப்பப் போட்டிருக்காங்க. அதுக்குள்ள அக்கா ஆக்கிட்டீங்களே. வீட்டுக்குப் போனா எங்களுக்குச் சோறு கிடைக்காது!"

எதிர் சீட்டுக்காரர் சிரித்தார். தைரியராஜ் சிரிக்கவில்லை. குழலியையும் நவநீதனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமாமா, எனக்கும் கண்ணு சரியில்ல. மன்னிச்சுக்குங்கம்மா" என்று அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டார்.

நவநீதன் எழுந்து கதவுப் பக்கம் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

"எப்பலேருந்துடி தெரியும்?" குழலியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"டென்த் லீவுல. அப்பா போன்ல கேம் விளையாடறப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. நான் ஹாஸ்டலுக்குப் போற அன்னிக்கு அவரும் அங்க போயிடறதா அதுல இருந்துச்சு."

"சொல்லவே இல்லையே."

"நீங்க ரெண்டு பேரும் எனக்காக நடிச்சீங்க. சரி, நானும் நடிச்சேன்." மதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஊட்டில ஒட்டி நில்லுங்க ஒட்டி நில்லுங்கன்னு கத்தினேன்ல? சும்மா பார்க்கலாம்னுதான். நீ ஒட்டி நின்ன. அவர் கை உன் தோள்ல படாம மேலயே நின்னுச்சு. அந்த போட்டோவைத்தான் நீ ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்க."

குழலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா உன் பேர்ல கூட்டிட்டுப் போனது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த அங்கிள்கிட்ட அப்படிச் சமாளிச்சிருக்க மாட்டேன், பழக்கத்துல வாயில வந்துருச்சு." இப்போதுதான் அவள் கண் நிறைந்தது. "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஆணி மாதிரி இருக்கேன்மா. அதான் தூரமாப் போகணும்னு கேட்டேன். இப்ப நீயே சொல்லு. திருச்சியிலயே சேருன்னா சேர்றேன். அவர் ஹால்ல பாயோட இருப்பாரு. வேணுமா?"

வேணும் என்ற சொல் குழலியின் தொண்டை வரை வந்தது. இவ்வளவு கேட்ட பிறகும் வந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. பெற்ற பெண்ணைக் கயிறாகத் திரித்து ஒரு மனுஷனைக் கட்டிப்போட இன்னும் ஆசைப்படுகிறாள்!

"இட்லி சாப்பிடு. காஞ்சு போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று நாத்தனார் வீட்டில் தங்கி, மறுநாள் காலை கல்லூரிக்குப் போனார்கள். அலுவலகத்தில் இருந்த பெண், "ஹாஸ்டலா, வீட்லேருந்து வர்றாங்களா?" என்று பொதுவாகக் கேட்டாள். நவநீதன் வாயைத் திறக்கும் முன் குழலி சொன்னாள்: "ஹாஸ்டல்தாங்க." மதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நன்றி இல்லை அந்தப் பார்வையில், பரிதாபம்தான் இருந்தது.

அறையில் கட்டிலுக்கு அடியில் நீல வாளியை வைத்து, இன்ஹேலரைத் தலையணைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுக் குழலி வெளியே வந்தாள். கேட்டில் நவநீதன் மகளைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நிஜ அழுகைதான். அதைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை அவளுக்கு.

எழும்பூர் ஸ்டேஷனில் அவர் முன்னால் நடக்க, குழலி நின்றுவிட்டாள்.

"என்ன? வண்டிக்கு நேரமாகுது."

"நீங்க போங்க. நான் டிக்கெட் எடுத்துட்டு வரேன்."

"எதுக்கு? பாஸ்லதான் உன் பேரு இருக்கே."

"இருக்கட்டும். அந்தப் பேருக்குத்தான் உங்ககிட்ட ஆள் இருக்குல்ல. கூட்டிட்டு வந்து உட்கார வைங்க."

"மெதுவாப் பேசு குழலி, ஜனங்க பார்க்கறாங்க. ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"ஊர்ல பேச ஒண்ணும் இல்லைங்க. மிச்ச சட்டையை மடிச்சு வைக்கறேன், வந்து எடுத்துக்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ரயிலுக்கு டிக்கெட் வாங்கியதே இல்லை. எந்த வரிசை என்று போர்ட்டரிடம் கேட்டுத்தான் போய் நின்றாள். கவுன்டரில் இருந்தவர் நிமிரவே இல்லை. "எங்க?" "ஸ்ரீரங்கம். ஒண்ணு." சீட்டு வந்தது. பெயர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

பொதுப் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. கழிவறைக் கதவை ஒட்டி, யாரோ ஒருவரின் வெங்காய மூட்டைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். செங்கல்பட்டு வரை வீம்பு தாங்கியது. திண்டிவனத்தில் கால் கடுக்க ஆரம்பித்தது. விழுப்புரத்தில், நாலு பெட்டி தள்ளித் தன் பெயருக்கு ஒரு சீட் காலியாக வருகிறதே என்று நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அடக்கத் தெரியாமல் ஜன்னல் கம்பி வழியே தெரிந்த கொஞ்சம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அதிர்ந்தது. மதி.

"அம்மா, தனி டிக்கெட் எடுத்தியாம், அப்பா சொன்னாரு. உட்கார இடம் கிடைச்சுதா?"

பக்கத்தில் நின்றவரின் முழங்கை இடிக்க இடிக்க, குழலி ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

"கிடைச்சுது. ஜன்னல் சீட்."