வலன்ரைன் பேசிய சனிக்கிழமை

இது எழுபத்தொன்பதில் நடந்ததா, எண்பதிலா என்று அடித்துச் சொல்ல முடியாது. அன்று மழை பெய்ததா என்பதும் சந்தேகம்தான். வலன்ரைன் மழையைப் பற்றிப் பேசியதால், பெய்தது போல நினைவில் எல்லாம் நனைந்து கிடக்கிறது. சனிக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். வேறு கிழமைகளில் அவர் அக்குறணைக்குப் போவதில்லை.

வலன்ரைன் பேராதனை வளாகத்தில் படம் பிடிக்கும் உத்தியோகம் பார்த்தவர். பழைய லென்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்த நாட்டில், எந்தக் கெமராவுக்காகச் செய்தது, எத்தனை பேர் அதைக் கழற்றிப் பூட்டிக் கெடுத்திருக்கிறார்கள் என்று சொல்லக்கூடியவர் கண்டிப் பக்கம் அவர் ஒருவர்தான். சொல்லக்கூடியவரே தவிர, சொன்னதில்லை. பேச்சு அவருக்குக் கழுத்தை இறுக்கும் சட்டை மாதிரி. தவிர்க்க முடியாத இடங்களுக்குத்தான் போட்டுக்கொள்வார்.

அக்குறணையில் பழைய சாமான் கடை வைத்திருந்த பஹ்மிக்கு அவருடைய பேச்சு தேவைப்படவும் இல்லை. தோட்டத்துத் துரைமார் விட்டுப்போன கெமராக்களும், புதிய ஜப்பான் கெமரா வந்ததும் ஊரார் தள்ளிவிட்ட பழசுகளும் அந்தக் கடைக்குத்தான் வரும். பஹ்மி ஒரு லென்ஸை வலன்ரைன் கையில் வைப்பார். பக்கத்தில் பால் விடாத ஒரு பிளேன்டியை வைப்பார். வலன்ரைன் உடனே குடித்தால் லென்ஸ் குப்பை. பாதியில் கோப்பையை வைத்தால் பரவாயில்லை. தேத்தண்ணி ஆறி அதில் ஈ விழும்வரை வாய் திறக்காமல் இருந்தால், பஹ்மி விலையை இரண்டு மடங்காக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். பன்னிரண்டு வருடத்தில் இந்த முறை ஒருதரமும் பிசகியதில்லை.

ஒருநாள் தெல்தெனியப் பக்கத்துத் தோட்ட பங்களாவிலிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. வலன்ரைன் அதைத் திறந்தபோது பஹ்மி மத்தியான லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். உள்ளே ஆறு லென்ஸ்கள். ஐந்து, எங்கும் கிடைப்பவை. ஆறாவது ஒரு சோடா மூடியை விடக் கொஞ்சம்தான் பெரியது. ஐம்பதுகளில் ஜப்பானில் செய்தது. சின்ன அறையைச் சுவரோடு சுவராக அள்ளிக்கொள்ளும் அகலப் பார்வை. செய்த கம்பனி தன் சொந்தக் கெமராவில் மாட்டும் பூட்டோடுதான் அதைப் பெரும்பாலும் செய்தது. கொஞ்சத்தை மட்டும், ஜெர்மன் கெமராவில் திருகிப் பொருத்தும் மரையோடு வெளியே விட்டது.

வலன்ரைன் பின்பக்கத்தைத் திருப்பினார். மரை. தோளில் தொங்கிய தன் ஜெர்மன் கெமராவில் வைத்துத் திருகினார். நகம் சதையில் நிற்பது போல நின்றது. இப்படி ஒன்று இருப்பதாக இருபது வருடத்துக்கு முன்னர் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தார். அன்றிலிருந்து இந்த உலகத்தில் அவர் ஆசைப்பட்ட பொருள் இது ஒன்றுதான்.

பஹ்மி வருமுன் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வயிற்றுவலி என்று எதிர்க்கடையில் சொல்லி பஸ் ஏறினார்.

"அவர் முன்னால அதை எடுத்தா எனக்கு வாய் அடைச்சிடும், மார்கிரட்," என்றார் வீட்டில். "தேத்தண்ணி ஆறிடும். அப்புறம் நாம அதைக் கனவுலதான் பார்க்கணும்."

"அப்ப பேசுங்க," என்றாள் மனைவி.

"என்னத்தைப் பேச?"

"ஊர்ல எல்லாரும் என்னத்தைப் பேசுறாங்க? மழை, பஸ், கருவாடு. நீங்க நல்லதைப் பார்த்தாத்தான் ஊமையாயிடுறீங்களே! பொண்ணு பார்க்க வந்தப்ப ஒன்றரை மணித்தியாலம் கதிரையில உக்காந்து என்னையே பார்த்தீங்க. மாப்பிள்ளைக்கு நாக்கு இல்லைனு எங்கப்பா சம்பந்தத்தையே விடப் பார்த்தாரு."

"அது வந்து..."

"எனக்கு அது விளங்கிச்சு. பஹ்மி நானாவுக்கும் விளங்கிடும். அதனால குப்பையைப் பார்த்து வாயை மூடுங்க, தங்கத்தைப் பார்த்து வாயைத் திறங்க."

ஒரு வாரம் சோடா மூடியைக் கையில் பிடித்துப் பேசிப் பழகினார். வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டார் நினைத்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. முதலில் பெட்டியிலிருந்த பெரிய வெள்ளி நிற லென்ஸை எடுத்தார். ஜெர்மன் பெயர் பளபளத்தது. உண்மையில் அது ருஷ்ய லென்ஸ். பழைய பெயரை யாரோ சுரண்டிவிட்டு, தெற்றுப்பல் வரிசை மாதிரி புதுப் பெயர் வெட்டியிருந்தார்கள். அதையே பார்த்தபடி இரண்டு பிளேன்டியை ஆறவிட்டார். பஹ்மியின் கண்கள் விரிந்தன.

பிறகு சின்னதை எடுத்தார்.

"இந்த வருசம் மழை கூடத்தான் பஹ்மி," என்று தொடங்கினார். "கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல பஸ் நத்தை மாதிரி வருது. கொண்டக்டரைக் கேட்டா ஜன்னலுக்கு வெளிய பாக்குறான். இந்தக் கருவாடு இருக்கே, முந்தி மாதிரி வாசமே இல்ல..."

எங்கோ மடை உடைந்துவிட்டது. மைத்துனரின் பல்வலி வந்தது. பங்குச் சாமியாரின் மோட்டார் சைக்கிள் வந்தது. பீர்க்கங்காய் சில கொடியில் மட்டும் ஏன் கசக்கிறது என்பதும் வந்தது. எப்படித் தொடங்குவது என்று மார்கிரட் சொல்லிக் கொடுத்திருந்தாள். எப்படி நிறுத்துவது என்று சொல்லவில்லை.

பஹ்மி வெளிறிப்போய், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையைப் பார்த்துக் கத்தினார்.

"சாஹுல் ஹமீது நானா! ஓடி வாங்க! வலன்ரைன் அண்ணனுக்கு என்னமோ ஆகிட்டு! பேசுறாரு!"

"பேசுறாரா? எவ்வளவு நேரமா?"

"பத்து நிமிசமா!"

"அல்லாவே! எங்கட மாமாவும் கண்ணை மூடி மௌத்தாக முந்தி இப்பிடித்தான் பேசினார்."

இருவருமாக அவரை வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வலன்ரைன் படுத்தபடியே பீர்க்கங்காயைத் தொடர்ந்தார். நிறுத்தினால் மௌனம் வந்துவிடும் என்ற பயம்.

"கை இறுகிப் போய் ஈக்கி, விரிங்க," என்று சாஹுல் ஹமீது விரல்களைப் பிரித்தார். உள்ளே சின்ன லென்ஸ்.

பஹ்மி அதைப் பார்த்தார். வலன்ரைனைப் பார்த்தார். என்ன இருந்தாலும் யாவாரி.

"அண்ணே, இது கைக்கு வந்த பொறகுதானே பேச்சு வந்த? நெசத்தச் செல்லுங்க. பன்னெண்டு வருசமா ஒங்களுக்குத் தேத்தண்ணி தந்தவன் நான்."

வலன்ரைன் எழுந்து உட்கார்ந்தார். மழையும் கருவாடும் தீர்ந்துவிட்டன. நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்வதற்கு அவர் பழகியிருக்கவில்லை. செய்தவர் யார், மரை ஏன் அரிது, உலகத்தில் எவ்வளவு குறைவு என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"கொழும்பு யாவாரிகிட்ட குடுத்திடாதீங்க. ஏமாத்திடுவாங்க. ஜப்பான்காரங்க யாரும் வந்தா காட்டுங்க," என்று முடித்தார்.

பஹ்மியின் கண் கலங்கிவிட்டது.

"வேற ஆளா இருந்தா சோடா மூடின்னு செல்லி எடுத்துட்டுப் போயிருப்பான்."

வலன்ரைன் தரையைப் பார்த்தார். பஹ்மி அந்தப் பெரிய வெள்ளி லென்ஸைக் கடதாசியில் சுற்றி அவர் மடியில் வைத்தார்.

"இதப் பாத்து ரெண்டு கோப்பை ஆறவிட்டீங்க. எனக்கு ஒங்கட மனசு தெரியாதா? காசு வேணாம். நீங்களே வெச்சிக்கோங்க."

அது குப்பை என்று சொன்னால், குப்பையை ஏன் அப்படிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வலன்ரைன் வாயைத் திறந்தார். மூடினார். கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

சின்ன லென்ஸை அடுத்த வருடம் ஒரு ஜப்பான் எஞ்சினியர் வாங்கிப் போனார். பஹ்மி அந்தக் காசில் வான் வாங்கி, பிறகு துணிக்கடைக்கு மாறினார். சாஹுல் ஹமீது கடையை விற்றுவிட்டு மாத்தளையில் மகளோடு போய் இருந்தார். மார்கிரட் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் காலமானாள். வலன்ரைன் ஓய்வு பெறும்வரை அந்த ருஷ்ய லென்ஸில்தான் படம் பிடித்தார். படங்கள் மோசமில்லை.