அப்பாவிடம் போன பந்து

விழுப்புரத்தில் கை, கால் இழந்த, செயலிழந்த இளைஞர்கள் சனிக்கிழமைதோறும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவார்கள். கையில் மஞ்சள் பந்து வைத்திருப்பவர்தான் பேசலாம். பேசியது வெளியே போகக்கூடாது.

மூன்று வாரம் முன்பு அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டுதான் அரிபிரசாத் உண்மையைச் சொன்னான். படகு விசிறியில் சிக்கிய வலையை அவன் தண்ணீருக்குள் அறுத்துக்கொண்டிருந்தபோது, குடித்திருந்த அப்பா இன்ஜினைப் போட்டுவிட்டார். வலது கால் முழங்காலோடு போயிற்று.

இன்று பெற்றோர் நாள். மரக்காணத்திலிருந்து அப்பா தேவநாதனும் வந்திருந்தார். கூட்டத்தை நடத்தும் கலைமதி மேடம் பந்தை அவரிடம் கொடுத்தார்.

"இன்ஜின் ஓடிக்கினு இருக்குதும்மா. வோணாம்டான்னு கத்துறேன். கேக்காம ஜல்தியா எறங்கிட்டான்." துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அன்று உண்மையைக் கேட்டிருந்த ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். வாய் ஓயாத சங்கவிகூட காலில் கட்டிய இரும்புச் சட்டத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

பந்து அரியிடம் வந்தது. அதைக் கொடுத்த அப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆமாங்க மேடம். என் தப்புதான்."

சங்கவி பந்தை வாங்கி, அப்படியே அடுத்தவரிடம் தள்ளினாள். அன்று அது யாரிடமும் நிற்கவில்லை.

திண்டிவனத்தில் பஸ் மாறும்போது அப்பா அவன் தோளில் கை போட்டார்.

"நல்ல எடம்டா. மனசு லேசாயிடுச்சி. இனிமே வாராவாரம் நானும் வர்றேன்."

"நீயே போயிட்டு வாப்பா," என்றான் அரி. "எனக்கு அங்க பேச இனிமே ஒண்ணும் இல்ல."