நாக்கை நீட்டு

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசலில், வேலைக்கு வரும் பெண்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் என் வேலை. தீப்பெட்டி, செல்போன், கொலுசு உள்ளே போகக் கூடாது. ஒரு சிட்டிகை வெடிமருந்து வெளியே வரக் கூடாது. பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். எனக்கு இரக்கமே கிடையாது என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆவணியில், சீசன் சூடு பிடித்த நேரம். சாயங்காலம் ஆமத்தூர் அழகுமீனாவின் இடுப்புச் சொருகலில் ஒரு காகிதப் பொட்டலம் தட்டுப்பட்டது. பிரித்தால் வெள்ளைத் தூள். வெடியுப்புதான் என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டில் வைத்துத் திருட்டு வெடி சுற்றுகிறவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள்.

"சோலையக்கா, வேணாம்க்கா" என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டுப் போர்மேனைக் கூப்பிட்டேன்.

போர்மேன் சரவணக்குமார் கத்துகிற ஆள் இல்லை. "என்னதும்மா இது? சொல்லலேன்னா போலீசுக்குப் போன் போடணும். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு கம்பெனியும் உன்னச் சேக்காது."

அவளுக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் லாரியோடு போனவன், திரும்பவில்லை. வேலை போனால் அவள் அடுப்பில் பூனைதான் உறங்கும். அவள் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, எல்லாரும் பார்க்கத் தூளை வாயில் கொட்டி மென்று விழுங்கினாள்.

"களிமண்ணு சார். புஸ்வாணத்துக்கு அடி அடைக்கிறது. நாலு மாசமாத் திங்கிறேன். விட முடியல."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். திருடி என்று நினைத்தபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், துணைக்கு என்னையும். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் சாலிஹாவுக்குச் சின்ன வயசு. "ரத்தம் ஆறு பாயிண்ட்தான் இருக்கு, பன்னெண்டாவது இருக்கணும். இரும்புச்சத்து கொறஞ்சா சில பேருக்கு இப்படித்தான் மண்ணு தேடும். இதுக்குப் பேரு பைகா."

"அப்படின்னா?" என்றேன்.

"லத்தீன்ல ஒரு பறவையோட பேரு. கண்டதையும் கொத்தித் திங்கும்னு அந்தக் காலத்துல நம்புனாங்க. மண்ணு, சாம்பல், சாக்பீஸ் திங்கிறவங்களுக்கு அந்தப் பேரையே வச்சிட்டாங்க."

"நம்மூரா இருந்தா காக்கான்னு வச்சிருப்பாக" என்றேன். டாக்டர் சிரித்தார். அழகுமீனா சிரிக்கவில்லை.

"அந்தப் பேரு வச்சு எம்புட்டு நாளாச்சும்மா?"

"ஐநூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"அம்புட்டு நாளாவா திங்கிறாக" என்றாள். வந்ததிலிருந்து நாற்காலி நுனியில் இருந்தவள் அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். "ஒரே நாள்ல நிக்காது. ரெண்டு மூணு மாசம் ஆகலாம்" என்றார்.

போர்மேன் டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு யோசித்தார். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் கை வாய்க்குப் போகும் ஆளை வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒன்றென்றால் யார் பதில் சொல்வது? அவர் கேட்டதும் நியாயம்தான். கடைசியில் வெடிமருந்தே தொடாத, லேபிள் ஒட்டும் ஷெட்டுக்கு மாற்றினார். ஆனால் தினமும் சாயங்காலம் நான் அவள் வாயையும் பார்க்க வேண்டும். மண் இருந்தால் மறுநாளிலிருந்து வேலை இல்லை.

முதல் நாள், எல்லாரும் போகட்டும் என்று அவள் வரிசையின் கடைசியில் நின்றாள். என் எதிரில் வந்து கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள். பிள்ளை பெற்றவளைப் பிள்ளை மாதிரி மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

கடைவாய்ப் பல் ஓரத்தில் வெள்ளையாகக் களிமண் அப்பியிருந்தது.

"என்னக்கா, சரியா இருக்கா?" என்று போர்மேன் உள்ளேயிருந்து கேட்டார்.

"சுத்தமா இருக்கு சார்."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வாய மூடுத்தா" என்றேன். "பஸ்சு போயிரும்."