கோவர்த்தனனுக்குப் போட்ட வேலை

திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. லாட்ஜுகளிலும் காலேஜ் ஹாஸ்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இருக்கும் குடிநீர் பிளான்ட்டுகளைப் பராமரிப்பது தொழில். யார் எந்த ஊருக்கு எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று பிரித்துப் போடுவது பிரமிளாவின் பொறுப்பு. நகரியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். சாயங்காலம் கிளம்புமுன் மறுநாள் வேலைகளைக் கம்ப்யூட்டர் காலண்டரில் ஒவ்வொரு டெக்னீஷியன் பேரிலும் போட்டுவிடுவாள். அவரவர் போனுக்கு மெயில் போகும். அதில் 'அக்செப்ட்' அழுத்தினால் அவள் திரையில் அந்தப் பேருக்கு நேரே பச்சை டிக் விழும்.

பாதிப் பேர் இரண்டு முறை போன் போட்டுத் திட்டினால்தான் அழுத்துவார்கள். கோவர்த்தனன் மட்டும் அவள் ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள் அழுத்திவிடுவார். கூடவே ஒரு பதிலும் வரும். "சரிம்மா. பாத்து போ."

ஐம்பதைத் தாண்டிய ஆள். விஜயபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். வேலைக்காகச் சித்தூர் வந்து, மனைவி சுலோச்சனாவோடு அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. சித்தூர், பாகாலா இரண்டு ஊர்களும் அவர் பொறுப்பு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புகார் வந்ததாகப் பிரமிளாவுக்கு ஞாபகமே இல்லை.

அதனால்தான் பாகாலா ஹாஸ்டல் வார்டன் போன் செய்தபோது அவள் நம்பவில்லை. முந்தின நாள் மாற்றிய பில்டரையே மறுநாளும் வந்து மாற்றிவிட்டுப் போயிருக்கிறார் கோவர்த்தனன். புது பில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு புது பில்டர். தன் பக்கம்தான் எதையோ தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று காலண்டரை மூன்று முறை பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார்.

"பாப்பா, பாகாலா பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். எங்க போவணும்னு போட்டிருந்த?"

"மெயில்ல இருக்குதேண்ணா. ஸ்டேஷன் பின்னாடி லாட்ஜு."

"ஆமா ஆமா. வெச்சிடறேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே குரல். "பாப்பா, பாகாலாவுல நிக்கறேன். எங்க போவணும்னு போட்டிருந்த?" முதல் தடவை கேட்பவர் மாதிரியே கேட்டார். மெயிலில் இருக்கிறது என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. அவர் லாட்ஜ் வாசலுக்குப் போய்ச் சேரும் வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்குப் போடும் வேலைகள் நீண்டன. மற்றவர்களுக்கு ஊரும் இடமும் வேலையின் பேரும் மட்டும்தான். கோவர்த்தனனுக்கு, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எந்தக் கடை ஓரமாகத் திரும்ப வேண்டும், அங்கே இருக்கும் மேனேஜர் பெயர் என்ன, முடித்ததும் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதினாள். கடைசி வரியில், மதியம் சாப்பிடவும்.

இன்னொரு டெக்னீஷியனான சலீம் அதை ஒருநாள் கோவர்த்தனன் போனில் பார்த்துவிட்டான். "இன்னாக்கா, எங்களுக்கெல்லாம் ஒத்த வரி, அவருக்கு மட்டும் கதையே எழுதற?" என்று சிரித்துக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கினான்.

"நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்றான் மெதுவாக. "ஸ்பேனர கைல வெச்சிக்கினே ஸ்பேனர் எங்கன்னு தேடறாரு. என்னை அவரோட சேத்துப் போட்டுடுக்கா. பெரிய வேலை, ரெண்டு ஆளு வோணும்னு சொல்லிக்கலாம்."

அப்படியே போட்டாள்.

கோவர்த்தனன் ஒருநாள் ஆபீசுக்கே வந்தார். உள்ளே வராமல் மாடிப்படியில் நின்று அவளைக் கூப்பிட்டார். கையில் ஆஸ்பத்திரிப் பை.

"தலைய ஸ்கேன் எடுத்தாங்க பாப்பா. மறதி வியாதியாம். இந்த வயசுலயே வர்றது சில பேருக்கு உண்டாம். மாத்திரை குடுத்திருக்காங்க. சரியாவும்னு சொல்லல." யாருக்கோ வந்த நோயைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு படியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "சார் கிட்ட இப்ப சொல்லாத. காலைல எழுந்தா எங்கனா போவணும் எனுக்கு. நீ வேலை போட்டுக்கினே இரு. போடுவியா?"

"போடறேண்ணா" என்றாள் பிரமிளா.

அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனது ஒரு கல்யாண மண்டபத்தில். பிளான்ட்டை ஆசிட் விட்டுக் கழுவினால், கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கு விட வேண்டும். கோவர்த்தனன் குடிநீர்த் தொட்டிக்குப் போகும் வால்வைத் திறந்துவிட்டார். சலீம் வண்டியிலிருந்து பைப்பை எடுத்துக்கொண்டு திரும்பும்போது பார்த்துவிட்டு, ஓடிப் போய் வால்வை மூடினான். கீழே பந்தி போட ஆரம்பித்திருந்தார்கள். தொட்டியில் இருந்ததையெல்லாம் திறந்துவிட்டு, லாரித் தண்ணீர் வரவழைத்தார்கள்.

சலீம் எல்லாவற்றையும் பிரமிளாவுக்குப் போனில் சொன்னான். இதற்கு மேல் மறைத்தால் அது அவருக்குச் செய்யும் நல்லது இல்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் மேனேஜரிடம் போகவும் மனம் வரவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்துச் சித்தூர் போனாள். சுலோச்சனா காப்பி வைக்க உள்ளே போனதும் நடந்ததைச் சொன்னாள். அவருக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

"பசங்க யாருனா குடிச்சிட்டாங்களா?" அதைத்தான் முதலில் கேட்டார்.

"இல்லண்ணா. சலீம் மூடிட்டான்."

"நீயே சொல்லிடு பாப்பா, சார் கிட்ட. நான் சொல்ல ஆரம்பிச்சா பாதில மறந்துடும்" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று போயிருந்தது.

மேனேஜர் ஸ்ரீஹரி கெட்ட மனிதர் இல்லை. திட்டவில்லை. அந்த மாதமே கணக்கை முடித்து, சால்வை போட்டு, எல்லோரோடும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார். கோவர்த்தனன் பேரில் காலண்டரில் இருந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சலீம் பேருக்கு மாற்றினாள் பிரமிளா. கடைசி வேலையை மாற்றியதும் அந்தப் பெயருக்கு நேரே வெறும் வெள்ளைக் கட்டங்கள் மட்டும் நின்றன. ஆபீஸ் மெயில் ஐடியையும் மூடிவிட்டார்கள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சுலோச்சனாவிடமிருந்து போன்.

"சொல்றதுக்கே ஒரு மாதிரியா இருக்குதும்மா. காலைல குளிச்சி, யூனிபாரம் போட்டுக்கினு, போன கைல வெச்சிக்கினு உக்காந்துடறாரு. இன்னும் வேலை வரலியே, வரலியேன்னு. உனுக்குத்தான் வேலை இல்லியேன்னு சொன்னா கோவப்படறாரு. நேத்து சாயந்திரம் வரைக்கும் ஒரு வாய் துன்னல."

பிரமிளா அவருடைய சொந்த மெயில் ஐடியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலம் எல்லோருக்கும் போடுவது போலவே அவருக்கும் போட்டாள். இடம்: சித்தூர். வேலை: மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றி, நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தவும். முடிந்ததும் டிபன் சாப்பிடவும்.

அவள் ரயில் ஏறும்போது பதில் வந்தது. "சரிம்மா. பாத்து போ." பெண்கள் பெட்டியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அதுவே வழக்கமானது. மத்தியானம் சுலோச்சனா போன் செய்து, நாளைக்கு என்ன இருக்கிறது என்று சொல்வார். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர். சுலோச்சனாவோடு மார்க்கெட். வேர்க்கடலை உரிப்பது. பிரமிளா அதைக் கம்பெனி வேலையின் மொழியில் எழுதிப் போடுவாள். கோவர்த்தனன் செய்து முடித்து, 'வேலை முடிந்தது' என்று ரிப்போர்ட் அனுப்புவார்.

வேலைகளைச் சரிபார்க்க வந்த ஸ்ரீஹரி ஒருநாள் திரையில் அந்த வரியைப் பார்த்துவிட்டார். "இதேந்தம்மா, வேர்க்கடலை?" என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார். பிரமிளா சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரே. அவருக்கு முதல்ல அனுப்பிடு. மத்தவங்க வெயிட் பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. பதில்களில் எழுத்துகள் உதிர்ந்தன. 'சரிம்மா' என்பது 'சரி' ஆனது. பிறகு வெறும் பச்சை டிக் மட்டும். அதுவும் சில நாள் தான் அவர் கையைப் பிடித்து அழுத்த வைப்பதுதான் என்று சுலோச்சனாவே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரமிளா சித்தூர் போனாள். கோவர்த்தனன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்து, சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது.

"வாம்மா, உக்காரு" என்று மரியாதையாகச் சொன்னார். யாரென்று தெரியவில்லை.

"ஆபீசுலேர்ந்து வந்திருக்குது" என்றார் சுலோச்சனா.

அவர் முகம் மலர்ந்தது. கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, குரலைத் தாழ்த்தினார். "அங்க பிரமிளான்னு ஒரு பொண்ணு இருக்குது, தெரியுமா? நல்ல பொண்ணு. ஆனா எனுக்கு வேலை போட்டுக்கினே இருக்குது. ஞாயித்துக்கெழமைகூட வுடறதில்ல. நானும் முடியாதுன்னு சொன்னதில்ல. இப்ப கொஞ்சம் அசதியா இருக்குது. நீ சொல்றியா அதும்கிட்ட? கோவர்த்தனனுக்கு லீவு வோணுமாம்னு."

பிரமிளா சுலோச்சனாவைப் பார்த்தாள். அவர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

"சொல்றேண்ணா" என்றாள். "கண்டிப்பா குடுக்கும்."

"கோவிச்சிக்குமா?"

"கோவிச்சிக்காதுண்ணா."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார். பிரமிளா சாப்பிட்டுவிட்டுப் போகும்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மற்ற எல்லோருக்கும் வேலை போட்டு முடித்த பிறகு அவர் பெயரைத் திறந்தாள். எதை எழுதுவது என்று தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், 'லீவு கொடுக்கப்பட்டது. நன்றாக ஓய்வெடுக்கவும். இப்படிக்கு, பிரமிளா' என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் ஆபீஸ் சுறுசுறுப்பாக இருந்தது. நாயுடுபேட்டையில் ஒரு மோட்டார் எரிந்து, யாரை அனுப்புவது என்று ஸ்ரீஹரி அவள் மேஜையருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது சுலோச்சனாவின் போன் வந்தது.

"நீ போட்டத ராத்திரி படிச்சிக் காமிச்சேம்மா. ரெண்டு வாட்டி படிக்கச் சொன்னாரு. இன்னிக்குக் காலைல எழுந்தாரு. போனத் தேடல. எங்க போவணும்னும் கேக்கல. சும்மா படுத்துக்கினு மேல பாத்துக்கினு இருக்காரு." கொஞ்சம் நிறுத்தினார். "என்னையும் யாருன்னு கேட்டாரும்மா."

ஸ்ரீஹரி எதையோ கேட்க வாயெடுத்து, அவளைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் சுலோச்சனா அழ ஆரம்பித்தார். பிரமிளா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் அழுது முடியும் வரை வைக்காமல் இருந்தாள்.