இடது லீவர்

முன்னால் பக்கெட் வைத்து மண் அள்ளுகிற குட்டி வண்டி பாப்கேட், அதை ஓட்ட இரண்டு கை வேண்டும். அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. உட்காருகிற சீட்டுக்கு முன்னால் இடதுபக்கம் ஒரு லீவர், வலதுபக்கம் ஒரு லீவர். வலதைத் தள்ளினால் வலதுபக்கச் சக்கரங்கள் ஓடும், இடதைத் தள்ளினால் இடதுபக்கச் சக்கரங்கள் ஓடும். இரண்டையும் சேர்த்துத் தள்ளினால்தான் வண்டி நேராகப் போகும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ராஜவேலு இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார். லாரி ஓட்டுகிறவன் எல்லாம் ஒரு டிரைவரா என்று கேட்பார். கரும்பு வெட்டப் போகிற எனக்கு அதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே தலையாட்டுவேன்.

அவர் வேலை பார்த்த ஜல்லி கிரஷரை மூடியபோது, இன்ஜின் இறுகி மூலையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய பாப்கேட்டை முதலாளி இவருக்கே கொடுத்துவிட்டார். கே.ஜி.கண்டிகையில் எங்கள் வீட்டு வாசலில் லாரி அதை இறக்கிவிட்டுப் போனது. சரிசெய்து சொந்தமாக ஓட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த மாதமே ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம்.

கோணிப்போன வாய் நேரானது. கால் இழுத்துக்கொண்டாவது நடந்தது. இடது கை மட்டும் வரவில்லை. பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, கையைப் பற்றி இனிமேல் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொன்னார். இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார்.

"வண்டிய பிரிச்சி வேலைய ஆரம்பிப்போம், மணி. அது ரெடியாவறதுக்குள்ள கை வந்துடும்."

நானும் ஆங் என்றேன். வேறென்ன சொல்லுவது? பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள் அபியும் ஒரு ரப்பர் பந்தை வாங்கிக் கொடுத்து, அமுக்கிகினே இரு நைனா, வந்துடும் என்றாள். அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் அது பொய் மாதிரியே இருப்பதில்லை.

அன்றிலிருந்து அவருடைய இடது கை நான்தான். வயலிலிருந்து வந்து முகம் கழுவுவதற்குள் கூப்பிட்டுவிடுவார். அவர் ஒருபக்கம் ஸ்பேனர் போட்டுத் திருகுவார், மறுபக்கம் நட்டை நான் பிடித்துக்கொள்வேன். சக்கரத்தை ஓட்டுகிற செயின்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினேன். வெடித்துப்போன ஆயில் ஓஸ் பைப்புகளைக் கழற்றினேன். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் ரேகையே அழிந்துவிட்டது. "ஏ இடது கை, இப்டி புடி" என்று அதட்டுவார். சம்பளம் குடுக்காமல் என்ன அதிகாரம் என்று நானும் பதிலுக்குக் கத்துவேன். பலம் வேண்டிய வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் தணிகாசலம் வருவான். இன்ஜினை அவன்தான் பிரித்து மாட்டினான். உள்ளதைச் சொல்கிறேன், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் கையை மறந்துபோனேன்.

பெயின்ட் அடித்து முடித்தோம். மஞ்சள் சரியில்லை என்று சுரண்டிவிட்டு மறுபடியும் அடிக்கச் சொன்னார். ஒழுகவே ஒழுகாத செயின் பெட்டியை ஒழுகுகிறது என்று திறந்தார். மூடியதும் ஸ்டார்ட்டரைக் கழற்றினார். மழைக்காலம் போய் வெயில் வந்தது. டீக்கடையில் தணிகாசலத்தைப் பார்த்தபோது, இன்னும் என்னதான் பாக்கி என்று கேட்டேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வண்டி எப்பவோ ரெடிக்கா. அண்ணன்தான் பிரிச்சிகினே கீறாரு. வேற டிரைவர போட்டு ஓட்டலாம்னு சொன்னேன். ஒரு வாரம் எங்கூட பேசல."

எனக்குக் கோபம் வந்தது. ஒருத்தி வெயிலில் கரும்பு வெட்டிவிட்டு வந்து கிரீஸில் புரண்டது எல்லாம் விளையாட்டா? அந்த ரப்பர் பந்து அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதை எடுத்து ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் புரிந்திருக்கும். எனக்கு எங்கே யோசிக்க வந்தது, வாய்தான் வந்தது. வருகிற கிருத்திகைக்கு வண்டி கோயில் மலையடிவாரத்துக்குப் போய்ப் பூஜை போட்டாக வேண்டும், இல்லையென்றால் காயலான்கடைக்காரனைக் கூட்டிவந்துவிடுவேன் என்று கத்தினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆங், போலாம்" என்றார்.

கிருத்திகை அன்று காலையிலேயே ரோட்டில் காவடிக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நான் வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பக்கெட்டுக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சக்கரம் ஏறி நசுக்கிக்கொண்டு கிளம்பினால் திருஷ்டியெல்லாம் போகும். தெருவே கூடிவிட்டது. அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பக்கெட்டில் கால் வைத்து, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். வலது கையால் இடது கையைத் தூக்கி லீவர்மேல் வைத்தார். அது வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது.

"துண்டால கட்டு" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கட்டினேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இவர் வண்டியைப் பிரித்துக்கொண்டே இருந்தது கைக்கு நேரம் வாங்கத்தான். அந்த நேரத்தை முடித்துவைத்தது நான். வேண்டாம், இறங்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சீட்டுக்கு மேலே இருந்த பாதுகாப்புக் கம்பியை இறக்கி மடிக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு சாவியைத் திருகிவிட்டார். இன்ஜின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. நான் விலகிக் கீழே நின்றேன்.

வலது கை தள்ளியது. வண்டி முன்னால் வராமல் இடதுபக்கம் திரும்பியது. இடது தோளைச் சாய்த்து உடம்பாலேயே அந்த லீவரை முட்டினார். அது அரை விரல் அளவு நகர்ந்து, தானாகப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது, துவைக்கிற கல்லை இடித்துத் தள்ளிவிட்டு இன்னொரு சுற்று. மாலை அறுந்து சக்கரத்தில் மாட்டியது. பாப்கேட் இப்படி நின்ற இடத்தில் சுழலும் என்று ஊருக்குத் தெரியும். வித்தை காட்டுகிறார் என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் விசில் அடித்தாள்.

அவர் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கூண்டுக்குள் ஓர் ஆள்தான் உட்கார முடியும். இத்தனை நாள் இடது கையாக இருந்தவள் வெளியே நின்றுகொண்டு, அவர் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தேன்.

இன்ஜின் நின்றது. புழுதி அடங்கியதும் தரையைப் பார்த்தேன். வலதுபக்கத்து இரண்டு பழங்களும் கூழாகக் கிடந்தன. இடதுபக்கத்தில் இரண்டும் நான் வைத்த குங்குமம்கூடக் கலையாமல் அப்படியே இருந்தன. அவர் தலை குனிந்திருந்தார். நிமிர்வதற்குள் நான் ஓடிப்போய் இரண்டையும் குதிகாலால் மிதித்து நசுக்கினேன். பித்தவெடிப்பில் சாறு இறங்கி எரிந்தது.

பக்கெட் மேல் ஏறித் துண்டின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். அது இறுகிப்போயிருந்தது.

"நாலும் நசுங்கிச்சா?" என்று கேட்டார்.

"நாலும் நசுங்கிடுச்சு, மாமா."

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இன்னும் யாரோ, இன்னொரு சுற்று காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி, கால கழுவிக்கோ" என்றார். "கழுவிட்டு அந்தக் காயலான்கடைக்காரன வரச் சொல்லு."